கை காட்டினால் நிற்கும்

செங்கழனி நகராட்சி தன் வாழ்நாளில் செய்த ஒரே புதுமையான காரியத்தைத் தொடங்கிப் பதினேழு நிமிடம்கூட ஆகவில்லை. அதற்குள் நாற்பத்து மூன்று வண்டிகள் ஒரு சிலைக்காக நின்றுவிட்டன.

சிலை, முன்னாள் சேர்மன் மாசிலாமணியுடையது. ஊர் நடுவில் நாலுமுக்கில், எட்டடிப் பீடத்தின் மேல், வேட்டியும் தோளில் துண்டுமாக நின்று, வலது உள்ளங்கையைத் தூக்கிக் கூட்டத்துக்குக் காட்டிக்கொண்டிருப்பார். உயிரோடு இருந்த காலத்தில் அவர் கை காட்டி எந்தக் காரியமும் நின்றதாகவோ நடந்ததாகவோ யாரும் சொல்லிக் கேட்டதில்லை. செத்து முப்பது வருடம் கழித்து, 2039 ஜூன் மாதத்துத் திங்கட்கிழமை ஒன்றில், ஒரு மினிபஸ், ஒரு பால் வண்டி, ஏழு லோடு ஆட்டோக்கள், இப்போதைய நகராட்சித் தலைவரின் கார் உட்பட எல்லாம் அவர் முன்னால் பிரேக் போட்டு நின்றன.

தலைவர் சற்குணம் காரிலிருந்து இறங்கி, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நேரே செண்பகவல்லியிடம் வந்தார். செண்பகவல்லி நகராட்சியின் உதவிப் பொறியாளர். திட்டம் முழுக்க அவளுடையது.

"யம்மா செண்பகம், வண்டியெல்லாம் ஏன் நிக்கி? குறுக்க ஒரு ஈ காக்கா இல்லையே."

செண்பகவல்லி அண்ணாந்து பார்த்தாள். நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

"பொட்டிக்குக் கை தெரிஞ்சிருக்கு அண்ணாச்சி."

"எந்தக் கை?"

"சேர்மன் கை."

பொட்டி என்று ஊரார் சொன்னதற்கு அரசாங்கம் வைத்த பெயர் 'பாதசாரி முன்னுரிமை நிறுத்துக் கருவி'. இஞ்சின் உள்ள எந்த வண்டியாக இருந்தாலும் அந்த வருடம் முதல் அதைப் பொருத்தியாக வேண்டும். அது சாலையைப் பார்க்கும். குறுக்கே ஆள் வந்தால் ஓட்டுநரைக் கேட்காமல் தானே பிரேக் போடும். ஆனால் வெளிநாட்டில் செய்த பொட்டி. வெள்ளைக் கோட்டின் மேல் ஆள் நின்றால் நிற்க வேண்டும் என்றுதான் அதற்குச் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். செங்கழனியில் வெள்ளைக் கோடு, மந்திரி வந்து போன பிறகு மூன்று வாரம் தெரியும், அவ்வளவுதான். செண்பகவல்லி இதற்கு முன் பச்சை வண்ணத்தில் சைக்கிள்களுக்கென்று தனிப் பாதை போட்டுப் பார்த்தவள். ஒரு பாதியில் கார்களை நிறுத்தினார்கள். மறுபாதி சுத்தமாக இருக்கிறதென்று மிளகாய் வற்றல் காயப்போட்டார்கள்.

அதன் பிறகுதான் அவள் ஊரை மாற்றுவதை விட்டுவிட்டுப் பொட்டியை மாற்றப் புறப்பட்டாள். நாலுமுக்குக் கேமராப் பதிவுகளை எட்டு மாதம் உட்கார்ந்து பார்த்தாள். நம் ஆட்கள் சாலையைக் கடப்பதில் ஒரே ஒரு சட்டம்தான் இருந்தது. கண் எங்கேயோ இருக்கும், பேச்சு யாரிடமோ இருக்கும், ஆனால் உள்ளங்கை மட்டும் வருகிற வண்டியின் பக்கம் நீண்டிருக்கும். அந்தக் கைதான் சிக்னல். பதினாலாயிரம் கைகளைப் பொறுக்கியெடுத்து, இதைக் கண்டால் நில் என்று பொட்டிக்குச் சொல்லிக் கொடுத்தாள்.

"ஆளுக்கும் சிலைக்கும் வித்தியாசம் தெரியாதா உன் பொட்டிக்கு?" என்றார் சற்குணம்.

"தெரியும் அண்ணாச்சி. ஆனா ஆளத் தேடிப் பிடிச்சு, இவன் குறுக்க வாரானா, சும்மா வேடிக்க பாக்கானான்னு யோசிக்கதுக்குள்ள வண்டி மேல ஏறிரும். கையக் கண்டுபிடிக்கது சுளுவு. அதனால கையத் தேடு, தெரிஞ்சா நில்லு, யாரு கைன்னு கேக்காதன்னு சொல்லி வச்சேன்."

"எம்புட்டு நேரம் நிக்கும்?"

"இருவது செகண்டு. அப்பவும் கை எறங்கலன்னா, மெள்ள நகந்து போவும்."

அதற்குள் மினிபஸ் நகர்ந்தது. பின்னால் வந்த பால் வண்டி சேர்மனைக் கண்டு புதிதாக ஒரு முறை நின்றது. சற்குணம் மேலே பார்த்துப் பெருமூச்சு விட்டார்.

கோப்பில் எழுத முடியாத காரணம் ஒன்று செண்பகவல்லிக்கு இருந்தது. அவள் கணவர் பேச்சிமுத்து, மேற்குத் தெரு மேல்நிலைப் பள்ளியில் விளையாட்டு ஆசிரியர். இரண்டு வருடம் முன்பு இதே நாலுமுக்கில், சைக்கிளில் வந்தவரை ஒரு லோடு ஆட்டோ தட்டிவிட்டது. கைப்பந்தில் அவர் எம்பி அடித்தால் எதிரணி ஒதுங்கி நிற்கும் என்பார்கள். அந்த வலது கை இப்போது இடுப்புக்கு மேல் ஏறாது. இடது முழங்காலில் தகடு. பள்ளியில் நூலகத்தைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டார்கள். ஒரு வருடம் ஷேர் ஆட்டோவில் போய் வந்தார். டிரைவர் இடுப்பில் கை கொடுத்து ஏற்றி, இறக்கி விடுவார். "சாமான் மாதிரி ஏத்தி எறக்குதான்" என்று ஒரு நாள் சிரித்துக்கொண்டே சொன்னார். செண்பகவல்லியால் அந்தச் சிரிப்பைத் தாங்க முடியவில்லை. வீட்டிலிருந்து பள்ளிக்கு ஒரு கிலோமீட்டர். அதை அவர் தன் காலால், ஒருத்தர் துணையில்லாமல், பயமில்லாமல் நடந்துபோக வேண்டும். அவளுக்கு வேண்டியது அவ்வளவுதான். ஊருக்குக் கிடைத்ததெல்லாம் அதன் கூடவே வந்தது.

பொட்டி வந்த வாரமே பேச்சிமுத்து நடக்க ஆரம்பித்துவிட்டார். கைத்தடியைக்கூட டாக்டர் வேண்டாம் என்று சொல்லிவிட்டதாகவும், அதை யாருக்கோ கொடுத்துவிட்டதாகவும் சொன்னார். வீட்டுக்குள் சுவரைப் பிடித்துக்கொண்டு நடப்பார். அவள் எட்டு மணிக்கு அலுவலகம் போய்விடுவாள், அவர் ஒன்பதுக்குப் புறப்படுவார். சாயங்காலம் அவள் கேட்பாள்:

"எப்படி இருந்திச்சு?"

"சொகமாப் போயிட்டு வந்தேன். உன் பொட்டி நல்லா நிக்கி."

தினமும் கேட்டாள். தினமும் அதே பதில். அதைக் கேட்க அவளுக்கு அலுக்கவில்லை.

ஊருக்குத் தன் கையின் பலம் தெரிய ஒரு வாரம்தான் பிடித்தது. பெண்கள் தங்கள் வீட்டு வாசலிலேயே மினிபஸ்ஸை நிறுத்தி ஏறினார்கள். எதிர்ச்சாரியில் போகும் நண்பனைப் பார்த்து "எப்பம்லே வந்த?" என்று ஒருவர் கையசைத்ததில் பதினொரு வண்டிகள் நின்றன. மைத்துனனோடு சண்டை போட்டுக்கொண்ட ஒரு பாத்திரக்கடைக்காரர், அவன் கார் கடையைத் தாண்டும் போதெல்லாம் வெளியே வந்து கையைத் தூக்கி, இருபது நொடி அவனை நிற்க வைத்து முகத்தைப் பார்த்துவிட்டு உள்ளே போனார். சாலையோரம் நின்று சோம்பல் முறிப்பதை நகராட்சி ஒலிபெருக்கி வைத்துக் கண்டித்தது. இவ்வளவு கூத்துக்கும் நடுவில், மூன்று மாதத்தில் அரசு மருத்துவமனையின் எலும்பு வார்டில் பாதிக் கட்டில்கள் காலியாகிவிட்டன. பள்ளிப் பிள்ளைகள் சைக்கிளில் கையை நீட்டிக்கொண்டு வரிசையாகத் திரும்புவதைக் கடைக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

சேர்மன் விவகாரம் மட்டும் தீரவில்லை. அந்த ஒரு இடத்தைக் கண்டுகொள்ளாதே என்று பொட்டிகளுக்குச் சொல்ல செண்பகவல்லிக்கு அரை மணி நேரம் போதும். ஆனால் கோப்பு மன்றத்துக்குப் போயிற்று. மாசிலாமணி கட்சியின் நகரச் செயலாளர் எழுந்தார்.

"எங்க தலைவர் கையக் கண்டுக்கிடாதன்னு அரசாங்கமே எழுதிக் குடுக்குமா? செத்த பெறவும் அவரு கைக்கு ஊரு நிக்கி. ஒங்களுக்கு வயித்தெரிச்சல்."

எதிர்க்கட்சி உறுப்பினர் உடனே எழுந்து, தங்கள் தலைவரின் சிலை கையைக் கட்டிக்கொண்டு நிற்பதால் அதற்கு எந்த வண்டியும் நிற்பதில்லை, இது பாரபட்சம் என்றார். கோப்பு தூங்கப் போய்விட்டது. ஓட்டுநர்கள் அந்த இருபது நொடியில் சேர்மனுக்கு ஒரு கும்பிடு போட்டுக்கொள்ளப் பழகினார்கள்.

செப்டம்பரில் தேர்தல் அறிவித்தார்கள். தேர்தல் என்றால் தலைவர்கள் சிலைகளை மூடிவிட வேண்டும் என்பது வழக்கம். ஒரு திங்கட்கிழமை காலையில் இரண்டு பேர் ஏணி போட்டு ஏறி, மாசிலாமணியைத் தலை முதல் பீடம் வரை வெள்ளைத் துணியால் சுற்றிக் கயிறு கட்டினார்கள். கை மறைந்தது. நாலுமுக்கில் வண்டிகள் தடையில்லாமல் ஓடின.

"பத்து மீட்டர் துணியில முடிஞ்சு போச்சு பாத்தியா" என்று சற்குணம் போனில் சிரித்தார். "நாம மூணு மாசம் தீர்மானம் போட்டோம்."

செண்பகவல்லிக்கும் நிம்மதியாக இருந்தது. அந்த வாரம் சாயங்காலங்களில் அவள் கணவரை வழக்கம்போலக் கேட்டாள், அவரும் வழக்கம்போலவே சொன்னார்.

புதன்கிழமை கேமராக் கணக்கு மேஜைக்கு வந்தது. சிலைக்கருகே தினமும் ஆயிரத்து நூற்றுச் சொச்சம் பேர் சாலையைக் கடந்துகொண்டிருந்தார்கள். துணி கட்டிய மறுநாள் முந்நூறு பேர். மிச்சப் பேர் வேறு தெருவில் கடந்திருப்பார்கள் என்று தேடினாள். வேறெங்கும் ஒரு தலைகூடக் கூடவில்லை. எண்ணூறு பேரைக் காணவில்லை. பழைய பதிவுகளை ஓட்டிப் பார்த்தாள். அந்த எண்ணூறு பேரும் மூன்று மாதமாகக் கையைத் தூக்காமலே கடந்தவர்கள். சேர்மன் கை இருக்கும்போது நம் கை எதற்கு என்ற சோம்பேறித்தனம் என்று நினைத்தாள். அப்படி நினைத்ததை ஒரு நாள் கழித்து நினைத்தபோது அவளுக்குத் தன்னை அறைந்துகொள்ளலாம் போலிருந்தது.

வியாழன் காலை ஒன்பது மணிக்கு நேரில் போய் நின்றாள்.

சோம்பேறிகள் யாரும் தென்படவில்லை. துணி சுற்றிய சிலைக்குக் கீழே, சாலை ஓரத்தில், கீரைக்கூடையைத் தலையில் வைத்து இரண்டு கையாலும் பிடித்தபடி கீரைக்காரி மூக்கம்மா நின்றாள். அவளுக்குப் பக்கத்தில் இடுப்பில் ஒரு பிள்ளையும் மறு கையில் பையுமாக ஒரு பெண். சைக்கிளில் இரண்டு பக்கமும் டீ கேன் தொங்க, ஹேண்டிலை விட முடியாமல் ஒருவர். தள்ளுவண்டிக்காரர் ஒருவர். எல்லோரும் வண்டிகளைப் பார்த்துக்கொண்டு சும்மா நின்றார்கள்.

"ஏம்மா கடக்காம நிக்கீங்க?"

"கையத் தூக்கச் சொல்லுதாவ" என்றாள் மூக்கம்மா. "தூக்குனா கூடை சாஞ்சிரும். சேர்மன் ஐயா எங்களுக்காவத் தூக்கிட்டு நின்னாரு. அவரையும் கட்டிப் போட்டுட்டாவ."

"முன்னாடி பொட்டி இல்லாத காலத்துல கடந்தீங்கல்லா?"

"முன்ன வண்டிக்காரன் கண்ணு எங்க மேல இருக்கும். பயந்து மெதுவா வருவான். இப்ப அவன் எதுக்குப் பாக்கப் போறான்? கை இல்லன்னா ஆளே இல்லன்னு பொட்டி சொல்லுது, அவன் பறக்கான்." மூக்கம்மா கூடையைச் சரிசெய்துகொண்டு, தாடையால் டீக்கடைப் பக்கம் காட்டினாள். "அந்தா இருக்காருல்லா சார்வாள், அவருகூட நாலு நாளா வந்து உக்காந்துட்டு, கடக்க முடியாமத் திரும்பிப் போறாரு."

டீக்கடை பெஞ்சில் பேச்சிமுத்து உட்கார்ந்திருந்தார். இடது கையில் கைத்தடி. அவளைப் பார்த்ததும் அதை பெஞ்சுக்கு அடியில் தள்ளப் பார்த்தார். அது உருண்டு அவள் காலடிக்கே வந்தது.

செண்பகவல்லி தடியை எடுத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"யாருக்கோ குடுத்துட்டேன்னு சொன்னீங்க."

"எதுத்த வீட்டு ராஜாமணிக்குத்தான் குடுத்தேன். நீ ஆபீஸ் போனதும் திரும்ப வாங்கிக்கிடுவேன்."

"டாக்டர் வேண்டாம்னாருன்னு?"

"டாக்டர் சொல்லல. தடி இல்லாம நடக்கேன்னு சொன்னப்ப ஒன் மொகத்துல ஒரு சந்தோசம் வந்துச்சு. சரி, இருந்துட்டுப் போவட்டும்னு விட்டுட்டேன்."

"மூணு மாசமா எப்படிக் கடந்தீங்க?"

அவர் துணி சுற்றிய சிலையைப் பார்த்தார். "வலது கை ஏறாது. இடது கையில தடி. சேர்மன் தயவுதான்."

"எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லக் கூடாதா?"

"எட்டு மாசம் கண்ணு அவிஞ்சு போவ ஒக்காந்து செஞ்சியே. ஊருக்கெல்லாம் நிக்கி, எனக்கு மட்டும் நிக்கலன்னு எந்த வாயால சொல்ல?"

செண்பகவல்லிக்கு அழுகை வந்தது. அழுகையைவிடக் கோபம் அதிகமாக வந்தது, அவர் மேல் அல்ல. பதினாலாயிரம் கைகளைப் பார்த்தவள், கை தூக்காதவன் எப்படிக் கடக்கிறான் என்று ஒரு தடவைகூடப் பார்க்கவில்லை. கைதான் மனிதன் என்று ஒரு யந்திரத்துக்குப் பாடம் நடத்தியிருக்கிறாள். அந்தப் பாடத்தில் தேறாத ஆள் ஒருவர் அவள் வீட்டிலேயே சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்திருக்கிறார்.

எழுந்து சாலைக்குள் இறங்கி இரண்டு கையையும் தூக்கினாள். வண்டிகள் நின்றன. மூக்கம்மா போனாள், பிள்ளைக்காரி போனாள், டீ கேன்காரரும் தள்ளுவண்டிக்காரரும் போனார்கள். பேச்சிமுத்து கடைசியாக வந்தார். பாதிதான் தாண்டியிருப்பார், இருபது நொடி முடிந்து முன்னால் நின்ற லோடு ஆட்டோ உறுமிக்கொண்டு நகர ஆரம்பித்தது. அவள் அதன் முகப்பில் கையை வைத்துத் தள்ளுவதுபோல நின்றாள். அவர் மறுகரை ஏற முப்பத்து நாலு நொடி ஆயிற்று. அந்த இருபதையும் அவள் தன் நடையை வைத்துத்தான் அளந்திருந்தாள்.

அங்கிருந்து நேரே தலைவர் அறைக்குப் போனாள்.

"தலகீழா மாத்தணும் அண்ணாச்சி. கையை விட்டுருவோம், காலைப் பாப்போம். ரோட்டோரத்துல ஆள் காலோ, சைக்கிள் சக்கரமோ தெரிஞ்சாலே வண்டி நிக்கணும். அவங்க கடந்து முடிக்க மட்டும் நிக்கணும். 'நீ போ'ன்னு அவங்க கை காட்டினாத்தான் முன்ன போவணும்."

"ஆளத் தேடக்குள்ள மேல ஏறிரும்னு நீதான சொன்ன?"

"வேகமா வந்தா ஏறும். ஊருக்குள்ள இருவது கிலோமீட்டருக்கு மேல போவக் கூடாதுன்னு பொட்டிக்குச் சொல்லிட்டா, தேடுததுக்கு நேரம் இருக்கும்."

சற்குணம் நெற்றியைத் தடவினார். "வண்டிக்காரன் என்னைய உயிரோட கொளுத்துவான். ஒவ்வொருத்தனுக்கும் நின்னு நின்னு என்னைக்குப் போய்ச் சேருவான்?"

"நம்ம ஊர்க்காரங்க வழி விடுவாங்க அண்ணாச்சி. ஒரு வாசல்ல ரெண்டு பேரு சந்திச்சா, நீங்க போங்க, நீங்க போங்கன்னு எம்புட்டு நேரம் நிக்காங்க."

"பந்தி நடக்க வாசல்ல நின்னு பாத்திருக்கியா நீ?" என்றார் அவர். பிறகு கோப்பைப் புரட்டினார். "தேர்தல் நேரத்துல புதுத் திட்டம் கூடாதும்மா."

"புதுசு இல்ல அண்ணாச்சி. திருத்தம்."

அந்த வார்த்தையில் அவர் முகம் தெளிந்தது. திருத்தத்துக்கு நகராட்சியில் எப்போதும் இடமுண்டு. கையெழுத்துப் போட்டார்.

முதல் வாரம் ஓட்டுநர்கள் வாய்க்கு வந்தபடி ஏசினார்கள். இரண்டாம் வாரம் அவர்கள் வீட்டுப் பெண்கள் தைரியமாகச் சைக்கிளில் கடைக்குப் போய் வந்ததில் ஏச்சு பாதியாயிற்று. செண்பகவல்லி சொன்னது முக்கால்வாசி உண்மையாகவும் இருந்தது. நின்ற வண்டியைப் பார்த்ததும் பெரும்பாலோர் ஏதோ கடன்பட்டவர்கள் மாதிரிக் கூச்சப்பட்டுப் "போங்க, போங்க" என்று கையை வீசினார்கள்.

தேர்தல் முடிந்து சேர்மனின் துணியை அவிழ்த்தார்கள். அவர் கால் எட்டடி உயரத்தில் இருந்ததால் பொட்டி அவரைக் கண்டுகொள்ளவில்லை. ஒரு வண்டியும் நிற்கவில்லை. நகரச் செயலாளர் ஆட்களோடு அலுவலகத்துக்கு வந்துவிட்டார்.

"இப்ப கை காட்டினா போங்கன்னு அர்த்தம் அண்ணாச்சி" என்றாள் செண்பகவல்லி. "உங்க தலைவர் ஊருக்கே வழி விட்டுட்டு நிக்காரு."

அவர் யோசித்தார். மறுநாள் அதையே சுவரொட்டியாக அடித்து ஒட்டினார்.

கைத்தடி எதிர்வீட்டிலிருந்து வந்து, வாசலில் செருப்புகளுக்குப் பக்கத்தில் பகிரங்கமாகச் சாய்ந்து நின்றது. பேச்சிமுத்துவுக்கு வண்டிகள் நின்றன. அவர் கடக்கும் வரை எவ்வளவு நேரமானாலும் நின்றன. ஆனால் சாயங்காலம் வந்தவர் முகம் சரியாக இல்லை.

"இன்னைக்கு மினிபஸ் நின்னுச்சு. உள்ள அம்புட்டுக் கூட்டம். நான் மெதுவாப் போறவன், நீ முன்ன போப்பான்னு இப்படிக் காட்டுனேன்." வலது கையை இடுப்பளவில் வைத்து இரண்டு விரலை லேசாக அசைத்தார். அதற்கு மேல் அந்தக் கை வராது. "அது போவ மாட்டேங்கி. டிரைவர் தலைய வெளிய நீட்டி, சார்வாள், நீங்க போனாத்தான் நான் போவ முடியும்கான். ஊரே என்னையப் பாக்குது. நின்னு போற வண்டிக்கு நாம ஒரு மரியாத செய்யக் கூடாதா?"

செண்பகவல்லி அவரை வீட்டு நடையில் வெளிச்சம் படும்படி நிற்க வைத்தாள். போனை எதிரே நிமிர்த்தி வைத்து, அந்த இரண்டு விரல்களை நாற்பத்தொரு முறை படம் எடுத்தாள். நேராக, சாய்வாக, புத்தகப் பையோடு, பை இல்லாமல். "போதும்டி, விரல் வலிக்கி" என்று அவர் சொல்லும் வரை எடுத்தாள். பதினாலாயிரம் கைகளோடு அந்தக் கையும் சேர்ந்தது.

மறுநாள் காலை ஒரு மணி நேரம் அனுமதி வாங்கிக்கொண்டு, நாலுமுக்கு மருந்துக்கடை ஓரத்தில் போய் நின்றாள். பேச்சிமுத்து தடியை ஊன்றிக்கொண்டு சிலைக்குக் கீழே வந்தார். மினிபஸ் நின்றது. அவர் இரண்டு விரலை அசைத்தார். மினிபஸ் போயிற்று.

அடுத்து ஒரு லோடு ஆட்டோ வந்து நின்றது. அவர் அதை வெகுநேரம் பார்த்தார். அது அசையாமல் காத்திருந்தது. பிறகு இரண்டு விரல் அசைந்தது. லோடு ஆட்டோ சத்தம் போடாமல் அவரைக் கடந்து போயிற்று.

இனி அவர் கடப்பார் என்று செண்பகவல்லி நினைத்தாள். அவர் கடக்கவில்லை. அடுத்த காரை நிறுத்தி அனுப்பினார். பால் வண்டியை அனுப்பினார். தலைவர் சற்குணத்தின் காரைக் கொஞ்சம் கூடுதலாக நிற்க வைத்து அனுப்பினார். மூக்கம்மா கூடையோடு அவரைத் தாண்டிப் போய், "என்ன சார்வாள், பள்ளிக்கூடம் இல்லியா?" என்று கேட்டதுகூட அவர் காதில் விழவில்லை. மேலே சேர்மன் கையைத் தூக்கிக்கொண்டு சும்மா நிற்க, கீழே பேச்சிமுத்து இரண்டே விரலால் ஊரை நடத்திக்கொண்டிருந்தார்.

அன்று மேற்குத் தெருப் பள்ளியின் நூலகம் முப்பத்தைந்து நிமிடம் தாமதமாகத் திறந்தது.